வெந்நீர் ஊற்றும் முத்துக் கடலும்

சென்ற பங்குனி மாதக் கடைசியில், நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு திருச்செந்தூருக்குப் போயிருந்தோம். சுவாமி தரிசனம் ஆன பிறகு, ஊருக்கு மேற்கே காயாமொழிப் பக்கமுள்ள குதிரைமொழித் தேரியையும் அவர்களுக்குக் காட்டிவிடலாமென்று வண்டியை அந்தப் பாதையில் திருப்பச் சொன்னோம். தேரியைப் பார்க்காதவர்களுக்கு அதை வர்ணிப்பது சிரமம். கண்ணுக்கெட்டிய தூரம் குங்குமத்தைக் கொட்டி வைத்தாற்போலச் செம்மணல் மேடுகள். இடையிடையே ஒற்றைப் பனைமரங்கள். காற்றடித்தால் மேடே இடம் பெயரும். உச்சிவேளையில் அந்த மணலில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்கள், பாலைவனம் எப்படியிருக்குமென்று பூகோளப் புஸ்தகத்தில் தேட வேண்டியதில்லை.

வண்டியிலிருந்து இறங்கிய ஒரு பையன் ஒரு கை மணலை அள்ளி, அதன் சூடு தாங்காமல் கீழே போட்டுவிட்டுக் கேட்டான்: "ஐயா, லடாக்கும் பாலைவனம்தானே? அங்கே பூமியிலிருந்து வெந்நீர் வருகிறதாம். அதைக்கொண்டு மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம். இந்தத் தேரியில் தோண்டினால் நமக்கும் வெந்நீர் வருமா?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று காலையில்தான் அவர்கள் எல்லாரும் திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் நீராடியிருந்தார்கள். உப்புக் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குளிர்ந்த நல்ல தண்ணீர்! அப்படிப்பட்ட ஊரில் வெந்நீரைத் தேடுகிறானே என்று அவர்களுக்கு வேடிக்கை. "வராது" என்று நாமும் சுருக்கமாகச் சொல்லிவிட்டோம். ஆனால் வீடு திரும்பிய பிறகு அந்தக் கேள்வி நம்மை விட்டபாடில்லை. "வராது" என்பது சரியான பதில்தான். ஆனால் அது முழுப் பதில் அல்ல. நமது கடற்கரைக்கும் அந்த லடாக் வெந்நீருக்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு. அதை அந்தப் பையனுக்குச் சொல்லாமற் போனோமே என்ற குறை தீரவே இந்தக் கட்டுரை.

வெந்நீர் ஊற்றுக்கும் பாலைவனத்துக்கும் சம்பந்தமில்லை. மேலே வெயில் காய்வதனால் கீழே தண்ணீர் கொதிப்பதில்லை. பூமியின் உள்ளே ஆழத்துக்குப் போகப் போக உஷ்ணம் ஏறிக்கொண்டே போகிறது. சாதாரணமாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரையில். நமது தென்னாட்டுப் பழம்பாறைத் தரையில் இது இன்னும் குறைவு. மழைநீரும் பனிநீரும் பாறை வெடிப்புக்களின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு, வேறொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலே வந்துவிட்டால் அதுவே வெந்நீர் ஊற்று. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் வழி வேண்டும். கீழே சூடும் கூடுதலாக இருக்க வேண்டும். பூமியின் மேலோடு நொறுங்கி மடிந்து கிடக்கும் இமயமலைப் பிரதேசத்தில் இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்திருக்கின்றன. நமது தேரியின் கீழே இரண்டுமில்லை.

நமது தேசத்தில் ஏறக்குறைய 340 வெந்நீர் ஊற்றுக்கள் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையார் கணக்கெடுத்திருக்கிறார்கள். இவற்றில் தலையாயது லடாக்கிலுள்ள பூகா பள்ளத்தாக்கு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 14,400 அடி உயரம். மழையென்பது பெயரளவுக்குத்தான், மரமில்லை, மாரிக்காலத்தில் எல்லாம் உறைந்து போகும். அப்பேர்ப்பட்ட குளிர்ப் பாலைவனத்தில் தரையிலிருந்து ஆவி எழும்புகிறது, சேறு குமிழியிடுகிறது, 84 டிகிரி வரையில் சூடேறிய தண்ணீர் வெளிவருகிறது. 84 டிகிரிதானே என்று நினைக்க வேண்டாம். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவாதலால், தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான். பக்கத்துப் பாறைகளில் கந்தகமும் வெண்காரமும் படிந்திருக்கின்றன. ஆடு மேய்க்கும் சாங்பா ஜனங்கள் தங்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு இவ்வழியே போய்வருகிறார்கள்.

1970களிலேயே புவியியல் ஆய்வுத்துறையார் அங்கே முப்பதுக்கு மேற்பட்ட துளைக்கிணறுகளைத் தோண்டினார்கள். ஆயிரத்துச் சொச்சம் அடி வரையில் போனார்கள். பல கிணறுகளில் ஆவியும் வெந்நீரும் தாமாகவே பீறிட்டன. அந்தச் சூட்டைக்கொண்டு குடிலைக் கதகதப்பாக்கிப் பார்த்தார்கள். வெண்காரத்தைச் சுத்தி செய்து பார்த்தார்கள். மின்சாரம் எடுக்கும் பேச்சு மட்டும் பேச்சாகவே நின்றது. ஐம்பது வருஷ காலம் காகிதத்தில் தூங்கிய அந்த யோசனையை, 2021ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் எண்ணெய் இயற்கை வாயுக் கழகத்தார் லடாக் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தட்டி எழுப்பினார்கள். முதலில் 1 மெகாவாட் அளவுக்குச் சோதனை நிலையம் என்பது ஏற்பாடு. மறு வருஷம் துளையிடும்போது கிணற்று நீர் அருகிலுள்ள ஓடையில் கலந்ததாகவும், அதனால் வேலை தடைப்பட்டதாகவும் செய்தி வந்தது. பூமிக்குள்ளிருந்து வருவது வெறும் வெந்நீரல்ல. பலவித உப்புக்களும் அதில் கரைந்திருக்கும். மேய்ச்சல் நிலத்து ஓடையில் அது கலப்பது எளிய காரியமன்று. பூமியின் உஷ்ணம் புகையில்லாத சக்தி என்பது உண்மை. தொல்லையே இல்லாத சக்தி என்று சொல்லிவிட முடியாது.

மற்ற இடங்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகலாம். இத்தாலியில் லார்தெரெல்லோ என்னுமிடத்தில் 1904ஆம் வருஷம் பியேரோ ஜினோரி கோந்தி என்ற பிரபு, பூமியிலிருந்து வரும் நீராவியைக்கொண்டு ஐந்து சிறிய மின்சார விளக்குகளை ஏற்றினார். இந்த வித்தைக்கு அதுவே பிள்ளையார் சுழி. நமது தேசத்தில் ஹிமாசலப் பிரதேசத்து மணிக்கரணில் 5 கிலோவாட் யந்திரம் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். மலைச்சரிவு அதைக் கெடுத்துவிட்டது. தெலுங்கானாவில் மணுகூர் பக்கம், நிலக்கரி தேடித் துளையிட்ட இடத்தில் வெந்நீர் வரவே, சிங்கரேணி நிலக்கரிக் கம்பெனியார் 20 கிலோவாட் அளவில் ஒரு சோதனை யந்திரம் அமைத்தார்கள். நமது தேசத்தின் வெந்நீர் ஊற்றுக்களிலிருந்தெல்லாம் 10,000 மெகாவாட்டுக்கு மேல் எடுக்கலாமென்று 1991ஆம் வருஷத்திலேயே மதிப்பிட்டிருக்கிறார்கள். கையில் வந்திருப்பதோ, ஒரு பெரிய மாளிகைக்குக்கூடப் போதாது.

தமிழர் பூமியில் வெந்நீர் ஊற்றே இல்லையா என்று கேட்கும் வாசகர்கள், மன்னார் வளைகுடாவைத் தாண்டித் திருகோணமலைக்குப் போகட்டும். அங்கே கன்னியா என்னுமிடத்தில் ஏழு சிறு கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான சூடு. தன் தாயாருக்கு அந்திமக்கிரியை செய்வதற்காக ராவணன் தரையைக் குத்தி உண்டாக்கியவை என்பது ஐதிகம். இன்றைக்கும் ஜனங்கள் அங்கே பிதிர்க்கடன் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சூடு குளிப்பதற்கு இதமான சூடே ஒழிய, யந்திரத்தை ஓட்டும் சூடல்ல.

அப்படியானால் யந்திரத்தை ஓட்ட எவ்வளவு சூடு வேண்டும்? இங்கேதான் நமது கடல் கதைக்குள் வருகிறது.

சூட்டைக்கொண்டு வேலை வாங்க வேண்டுமானால் சூடு மட்டும் இருந்தால் போதாது. பக்கத்திலேயே குளிர்ச்சியும் வேண்டும். அருவி விழுவதற்கு மேலே ஓரிடமும் கீழே ஓரிடமும் வேண்டுமல்லவா? அதைப் போலத்தான் உஷ்ணமும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும்போதுதான் சக்கரத்தைச் சுற்றும். பூகாவின் வெந்நீருக்கு இருக்கும் பெரிய பாக்கியம், அதைச் சுற்றியுள்ள கடுங்குளிர். அலாஸ்காவில் சேனா என்ற வெந்நீர் ஊற்றில் வெறும் 74 டிகிரித் தண்ணீரைக்கொண்டு 2006ஆம் வருஷம் முதல் மின்சாரம் எடுக்கிறார்களென்றால், அங்கே பக்கத்தில் ஓடும் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருப்பதே காரணம்.

74 டிகிரியில் தண்ணீர் கொதிக்காதே, ஆவி எப்படி வரும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. தண்ணீரைவிட எளிதில் கொதிக்கும் வேறொரு திரவத்தை மூடிய குழாய்களுக்குள் வைத்திருப்பார்கள். வெந்நீர் அக்குழாய்களின் வெளிப்புறத்தில் ஓடித் தன் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது. உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பிறகு குளிர்ந்த தண்ணீரால் மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. அதே திரவம், அதே குழாய். சுற்றிச் சுற்றி வந்துகொண்டேயிருக்கும். அம்மோனியா இவ்வகைத் திரவங்களில் ஒன்று. 25 டிகிரி உஷ்ணத்தில் அம்மோனியா ஆவியின் அழுத்தம் நம்மைச் சூழ்ந்த காற்றைப்போல் பத்து மடங்கு. 10 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மடங்கு. அந்தப் பத்துக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சக்கரத்தைச் சுற்றப் போதும்.

25 டிகிரியும் 10 டிகிரியும்! இவை நமது கடலில் இருக்கின்றன அல்லவா?

தூத்துக்குடிக் கடலின் மேல்நீர் வருஷத்தில் பெரும்பகுதி 28 டிகிரியையொட்டி இருக்கிறது. கரையிலிருந்து வெகுதூரம் போய், ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறங்கினால், அங்கே தண்ணீர் 7 டிகிரிதான். பனிப்பிரதேசத்துக் கடல்களில் குளிர்ந்து கனத்து இறங்கிய தண்ணீர், சமுத்திரத்தின் அடிவாரத்திலேயே பூமத்திய ரேகை வரை ஊர்ந்து வந்து நம் வாசலில் கிடக்கிறது. லடாக்கின் குளிரும் தேரியின் சூடும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைத்தாற்போல நமது கடலில் இருக்கின்றன. பூகாவில் கீழே சூடு, மேலே குளிர். இங்கே மேலே சூடு, கீழே குளிர். யந்திரம் ஒன்றேதான்.

இந்த எண்ணம் முதலில் உதித்தது 1881ஆம் வருஷத்தில், தார்சோன்வால் என்ற பிரெஞ்சு விஞ்ஞானிக்கு. அவரிடம் பயின்ற ஜார்ஜ் க்ளோத் அதைச் செய்து காட்டப் புறப்பட்டார். கடைத்தெருக்களில் செக்கச் செவேலென்று ஒளிவிடும் நியான் விளக்கை உலகுக்குத் தந்தவரும் இவரே. விளக்கில் சம்பாதித்ததைக் கடலில் போட்டார் என்று சொன்னால் மிகையாகாது. கியூபா தீவில் மடான்ஸாஸ் விரிகுடாவில், ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குழாயை இறக்க முயன்றார். முதற் குழாய் கடலுக்குப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. 1930இல் மூன்றாவது குழாய் நின்றது. 22 கிலோவாட் மின்சாரம் எரிந்தது. அந்த 22 கிலோவாட்டை எடுக்க அதைவிட அதிகமான மின்சாரம் பம்புகளுக்குச் செலவாயிற்று என்பது வேறு விஷயம்! பிறகு ஒரு கப்பலில் யந்திரத்தை ஏற்றிக்கொண்டு பிரேஸில் நாட்டுக் கரைக்குப் போனார். அலைகள் அங்கேயும் குழாயை விட்டுவைக்கவில்லை.

இதே கதை நமது கடலிலும் நடந்தது. தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பலருக்கு அது தெரியாது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 1980களிலேயே தமிழ்நாட்டுக் கடலில் இவ்விதம் 1 மெகாவாட் நிலையம் அமைப்பதற்குத் திட்டம் வரைந்திருந்தார்கள். 1993இல் சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஏற்பட்டது. 1997இல் ஜப்பானின் சாகா சர்வகலாசாலையோடு உடன்பாடு செய்துகொண்டு, அக்கழகத்தார் காரியத்தில் இறங்கினார்கள். இவ்வேலைக்கென்றே 68 மீட்டருக்கு மேல் நீளமும் 16 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பெரிய மிதவைக் கப்பலைக் கட்டினார்கள்; "சாகர் சக்தி" என்று அதற்குப் பெயர். உள்ளே அம்மோனியா யந்திரம். உப்புநீர் அரிக்காதபடி டைட்டானியத் தகடுகள். தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில், ஏறக்குறைய 1,200 மீட்டர் ஆழமுள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அந்தக் கப்பலை நிறுத்தி, அதன் அடியிலிருந்து ஆயிரம் மீட்டர் நீளமுள்ள குழாயைத் தொங்கவிட்டு, அடிக்கடலின் குளிர்நீரை இறைப்பதென்று ஏற்பாடு. குழாயின் குறுக்களவு சுமார் 1 மீட்டர். வினாடிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் அதன் வழியே ஏறி வர வேண்டும்.

ஏன் இவ்வளவு தண்ணீர்? 28 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் இடையே ஓடும் உஷ்ணத்தில், எவ்வளவு சாமர்த்தியமான யந்திரமானாலும் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் வேலையாக மாற்ற முடியாதென்பது இயற்கை விதி. நடைமுறையில் கிடைப்பது மூன்று பங்கையொட்டித்தான். 84 டிகிரி வெந்நீரும் 10 டிகிரிக் குளிரும் சேர்ந்த இடத்தில் விதி அனுமதிப்பது இருபது பங்கு. நடைமுறையில் அதிலும் பாதிக்கும் குறைவுதான். ஆகவே கடலில் கிடைக்கும் உஷ்ணம் ஏராளம், ஆனால் நீர்த்த உஷ்ணம். நீர்மோரிலிருந்து வெண்ணெய் எடுப்பது போலக் குடம் குடமாகக் கடைந்தாக வேண்டும். கடைகிற பம்புகளுக்கே, கிடைக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மேல்நீர் எப்போதும் தீராது, கரி வேண்டாம், புகை இல்லை, இரவிலும் ஓடும் என்ற நன்மைகளுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

2001ஆம் வருஷத்தையொட்டிக் குழாயைக் கடலில் இறக்கும் வேலை நடந்தது. அது பலிக்கவில்லை. ஆயிரம் மீட்டர்க் குழாய் கடலோடு போயிற்று. பின்னர் இன்னொரு முறையும் முயன்றார்கள், அதுவும் கைகூடவில்லை. யந்திரம் சரியாக இருந்தது. கப்பல் சரியாக இருந்தது. கணக்கும் சரியாக இருந்தது. கயிறும் குழாயும் கடலும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதைப் பற்றி நமக்குத் தெரிந்த வயோதிகர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். திரேஸ்புரத்துக்காரர். இளமையில் சங்கு குளித்தவர். 1961இல் நடந்த முத்துச் சலாபத்தைச் சிறு பையனாகக் கரையிலிருந்து பார்த்தவர். அதுவே நமது கரையில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு. அதற்குப் பிறகு பார்களில் சிப்பி விளையவில்லை. (1973இல் வேப்பலோடையில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.)

"அண்ணாச்சி, ஒரு கிலோமீட்டர்க் குழாயைக் கடலில் தொங்கவிட்டார்களே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டோம்.

"கேள்விப்பட்டிருக்கேன் ஸார்வாள். எந்த மாசத்துல இறக்கினாங்க?" என்றார் அவர்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஞ்ஞானம் படித்த நாம் குழாயின் கனத்தையும் நீளத்தையும் நினைத்துக்கொண்டிருக்க, அவர் மாதத்தைக் கேட்கிறார். காரணம் உண்டு. பழைய காலத்திலிருந்து முத்துச் சலாபம் நடப்பது பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில்தான். வாடைக் காற்று ஓய்ந்து கச்சான் கிளம்புவதற்கு முன்னே, கடல் கண்ணாடி போலக் கிடக்கும் காலம் அது ஒன்றே. தொள்ளாயிரம் பார் முதலான முத்துப் பார்களில், ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்துக்கு, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் இறங்குவார். ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான் மூச்சு நிற்கும். அதற்குள் கூடையில் சிப்பியை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவர் அந்த அசைவை உணர்ந்து உடனே இழுக்க வேண்டும். கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் வைப்பார்கள் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. தங்கையின் தாலிக்குக் காவல் அவன் கை அல்லவா?

"கல்லு போனா வேற கல்லு எடுத்துக்கிடலாம். கயிறு பிடிக்கிறவன் கவனம் தப்பினா ஆளே போயிரும். அவ்வளவு நீளக் குழாயை ஆட்டம் இல்லாம பிடிச்சு நிக்கணும்னா, கப்பல் அசையாம நிக்கணும். கடல்ல அசையாம நிக்கிறது எது ஸார்வாள்?" என்றார் பெரியவர்.

க்ளோத் துரை மூன்று குழாய் விலை கொடுத்துக் கற்ற பாடமும் இதுதான்.

சாகர் சக்தி அத்தோடு முடிந்துவிடவில்லை. சொல்லப்போனால், அந்தத் தோல்வியிலிருந்துதான் உபயோகமான காரியம் பிறந்தது. குளிர்நீரைக்கொண்டு மின்சாரம் எடுப்பது கடினமானால், அதே குளிர்நீரைக்கொண்டு குடிநீர் எடுக்கலாமே என்று அக்கழகத்தார் யோசித்தார்கள். காற்றை வெளியேற்றிய ஒரு பாத்திரத்துக்குள் 28 டிகிரிக் கடல்நீரை விட்டால், அழுத்தம் குறைவாதலால் அது அடுப்பில்லாமலே ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது. உப்பு கீழே தங்கிவிடும். அந்த ஆவியை ஆழ்கடலின் குளிர்நீர் ஓடும் குழாயில் படவிட்டால் நல்ல தண்ணீராகச் சொட்டுகிறது. 2005ஆம் வருஷம் மே மாதம் லட்சத்தீவிலுள்ள கவரத்தியில் நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையம் இவ்விதம் ஏற்பட்டது. உவர் கலந்த கிணற்று நீரையே குடித்துவந்த தீவு அது. 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும் இரண்டு நிலையங்கள் எழுந்தன. 2007ஆம் வருஷம், தூத்துக்குடிக் கடலில் குழாய் இழந்த அதே சாகர் சக்தியை சென்னைக்கு எதிரே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் நிறுத்தி, நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் அளவில் தண்ணீர் எடுத்துக் காட்டினார்கள். கவரத்தியில் இப்போது 65 கிலோவாட் அளவுக்கு மின்சாரமும் கடல் உஷ்ணத்திலிருந்தே எடுத்து, அதைக்கொண்டே குடிநீர் நிலையத்தை ஓட்டும் திட்டத்தை மேற்கொண்டிருக்கிறார்கள்.

தீவுகளில் பலித்தது நமது கரையில் ஏன் பலிக்கவில்லை? லட்சத்தீவுகள் கடலின் அடியிலிருந்து தூண்போல எழும்பி நிற்பவை. கரையை விட்டுச் சில நூறு மீட்டர் போனாலே ஆழம். 350 மீட்டரில் 13 டிகிரிக் குளிர்நீர் கிடைத்துவிடுகிறது. யந்திரம் தரையிலேயே இருக்கலாம். கப்பலும் வேண்டாம், ஆட்டமும் இல்லை. நமது கரையோ பல மைல் தூரம் ஆழமில்லாத மேடை. அந்த மேடையினால்தான் முத்துச் சிப்பி விளைந்தது. மனிதன் மூச்சடக்கி இறங்க முடிந்தது. கொற்கை பாண்டியரின் துறைமுகமாயிற்று. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் அந்தக் கொற்கை இன்றைக்குக் கடலை விட்டு மைல் கணக்கில் உள்ளே தள்ளி நிற்கிறது. முத்தைத் தந்த மேடைதான் குளிர்நீரை நமக்கு எட்டாத தூரத்துக்கு ஒதுக்கி வைத்தது.

நமது அபிப்பிராயத்தை மறைப்பானேன்? தூத்துக்குடிக்கு வேண்டியது முதலில் தண்ணீர், அதற்கப்புறம்தான் மின்சாரம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, கப்பலில் வரும் கரியை எரித்து ஓடும்படி 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளாக அனல் மின் நிலையம் கட்டினார்கள். முதல் அலகு 1979இல் ஓடத் தொடங்கியது. அதன் ஆவியைக் குளிர்விப்பது கடல்நீர். அப்படிக் குளிர்வித்துச் சூடேறிய தண்ணீர் மறுபடியும் கடலுக்கே போகிறது. இவ்வாறு வீணாகும் சூட்டிலிருந்து நல்ல தண்ணீர் எடுக்கும் முறையை வடசென்னை அனல் மின் நிலையத்தில் 2009ஆம் வருஷமே செய்து காட்டியாயிற்று. அங்கே ஆழ்கடல் நீரே வேண்டியிருக்கவில்லை. நிலையத்திலிருந்து வெளியேறும் வெதுவெதுப்பான நீருக்கும் சாதாரணக் கடல்நீருக்கும் உள்ள வித்தியாசமே போதுமாயிருந்தது. கரையிலேயே கொட்டும் சூட்டை விட்டுவிட்டு, 35 கிலோமீட்டர் தூரத்துச் சூட்டைத் தேடிப் போக வேண்டுமா என்பது யோசிக்கத்தக்கது. கோடைக்காலத்தில் நமது தெருக்களில் தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்துக் குடங்களோடு காத்திருக்கும் ஸ்திரீகளுக்கு இந்த விஷயம் வெறும் விஞ்ஞான வினோதமல்ல.

இன்னொன்றும் உண்டு. கடலின் மேல்நீரில் இருக்கும் உஷ்ணத்தை நாம் செல்வமென்று இதுவரை பேசி வந்தோம். அதே உஷ்ணம் சற்று ஏறிவிட்டால் மன்னார் வளைகுடாவின் பவளங்களுக்கு யமனாகிறது. 2010இலும் 2016இலும் கோடையில் நீரின் சூடு அளவு மீறியபோது, தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரையுள்ள தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகள் வெளுத்துப் போயின, பல மடிந்தன. 21 தீவுகளில் இரண்டு முன்பே நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு தேய்ந்துகொண்டே வந்ததனால், அதைக் காப்பதற்குச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. அந்தத் தீவுகள்தான் நமது ஊருக்கு அலை தாங்கும் மதில். ஆகவே, கரி எரிக்காமல் சக்தி பெறும் வழி எதுவானாலும் அதைத் தேடுவதில் நமக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட ஒரு பிடி அதிகமான சிரத்தை இருந்தாக வேண்டும். முதற் குழாய் போயிற்றென்று மூட்டை கட்டிவிட்டால், கியூபாவில் அந்த 22 கிலோவாட்டும் எரிந்திராது.

தேரியில் கேள்வி கேட்ட பையனிடம் இவ்வளவையும் ஒரு நாள் மாலையில் சொன்னோம். கேட்டுவிட்டு அவன் சும்மா இருக்கவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை, தன் மாமனுடைய வள்ளத்தில் கடலுக்குப் போய், பள்ளிக்கூடத்து உஷ்ணமானியை ஒரு போத்தலுக்குள் வைத்துக் கட்டிப் பத்துப் பாக ஆழம் இறக்கிப் பார்த்திருக்கிறான். போத்தலில் அடியாழத்து நீரை நிரப்பி, வெளியே எடுத்தவுடன் கணக்கைக் குறித்துக்கொள்ள வேண்டுமென்று நாம் சொல்லியனுப்பியிருந்தோம். திங்கட்கிழமை காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஐயா, மேலே 29; கீழே 28. ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம்."

சரியாகத்தான் அளந்திருக்கிறான். கரையோரத்து ஆழமில்லாத நீரைக் காற்றும் அலையும் கலக்கிக்கொண்டே இருப்பதால் அங்கே அவ்வளவுதான் இருக்கும். ஆயிரம் மீட்டர் என்பது எத்தனை பாகமென்று கணக்குப் போட்டுக்கொண்டு வா என்றோம். கரும்பலகையருகே போய் நின்று, ஒரு பாகத்துக்கு ஆறு அடியென்று வைத்துப் பெருக்கி வகுத்து, 547 என்று எழுதினான். எழுதியதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமாவிடம் அவ்வளவு கயிறு இல்லை, ஐயா" என்றான்.